ஆறாவது கட்டத்துக்கு யார்?

அக்கா மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். அவனுடைய கணக்கு நோட்டை முன்பக்கமாகத் திறந்தால் கணக்கு, பின்பக்கமாகத் திறந்தால் படக்கதை. இரண்டும் நடுவில் முட்டிக்கொள்ளும் அன்றைக்கு வீட்டில் பெரிய சண்டை இருக்கிறது என்று அக்கா சொல்லி வைத்திருக்கிறாள்.

போன மாதம் தருமபுரி போயிருந்தபோது அந்த நோட்டின் பின்பக்கத்தை என் மடியில் வைத்தான். ஐந்து பேர் கொண்ட ஒரு குழு. ஒருத்தி பறப்பாள். ஒருவன் லாரியில் ஏற்றும் கிரானைட் பாறையை ஒரு கையால் தூக்குவான். ஒருத்தி அடுத்தவர் மனதில் ஓடுவதைப் படிப்பாள். ஒருவன் கண்ணுக்குத் தெரியாமல் மறைவான். ஐந்தாமவன் கை காட்டினால் தண்ணீர் வளையும். ஆறாவது கட்டம் மட்டும் காலி. உள்ளே ஒரு கேள்விக்குறி.

“இவனுக்கு மட்டும் எந்த சக்தியும் கிடையாது மாமா. ஆனா டீம்ல இருக்கணும். யாரை வெக்கலாம்?”

கதை ஒகேனக்கலில் நடக்கிறது. காவிரியில் வெள்ளம் ஏறும் ஒரு நாள். அருவிக்குக் கீழே பாறை இடுக்கில் ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது. எது என்று கதாசிரியருக்கே இன்னும் தெரியாது. 24 பக்கம், கறுப்பு வெள்ளை. ஜெராக்ஸ் எடுத்து, நடுவில் ஸ்டேப்ளர் அடித்து, நண்பர்களுக்குக் கொடுப்பதாகத் திட்டம்.

நான் முத்து காமிக்ஸ் தலைமுறை. 1972-இல் அந்த இதழ் தொடங்கியதே இரும்புக்கை மாயாவியோடுதான். அவர் தனி ஆள். கரண்ட் கம்பியைத் தொட்டு மறைவார், வேலையை முடிப்பார், போவார். குழு, அதற்குள் ஒரு சாதா ஆள் என்ற தொல்லையெல்லாம் எங்களுக்கு இல்லை. ஆனால் வல்லமை உள்ளவர்கள் ஐந்தாறு பேர் ஒன்றாக நிற்கும் கதைகளில் இந்தச் சாதா ஆள் எப்படியோ நுழைந்துவிடுகிறான். அமெரிக்கக் காமிக்ஸிலும் மாங்கா என்கிற ஜப்பான் படக்கதைகளிலும் அவனை விதவிதமாக வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அவற்றை வரிசையாக எடுத்து, நமக்கு எது பொருந்தும் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். அளவுகோல் ஒன்றுதான். அந்த ஆள் அன்றைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் படுத்துவிட்டால் கதை நகராமல் நிற்குமா, நிற்காதா? நிற்காது என்றால் அவன் குழுவுக்குப் பாரம். நிற்கும் என்றால், எதனால் நிற்கிறது என்று அடுத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் எல்லோருக்கும் நினைவுக்கு வருபவர் பேட்மேன். 1939-இல் தனியாகக் கிளம்பியவர்; 1960-இல் ஜஸ்டிஸ் லீக் என்ற குழு அறிமுகமானபோது சூப்பர்மேனோடும் வொண்டர் வுமனோடும் ஒரே மேஜையில் உட்கார்ந்துவிட்டார். சக்தி கிடையாது; இருப்பது பணம், பயிற்சி, மூளை. காய்ச்சல் வந்தால் கதை கட்டாயம் நிற்கும், ஏனென்றால் திட்டம் போடுவதே அவர்தான். ஆனால் இவரைச் சாதா ஆள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அளவில்லாத பணம் என்பது பறப்பதைவிடப் பெரிய சக்தி. அதோடு, எழுதுகிறவர்களுக்கு அவர் மேல் இருக்கும் பாசம் வேறு; எந்தப் பொறியிலும் சிக்குவார், எல்லாவற்றுக்கும் முன்னாடியே வழி யோசித்து வைத்திருப்பார். 2000-இல் வந்த ஒரு கதை மட்டும் இதில் விதிவிலக்கு. தன்னோடு இருக்கும் ஒவ்வொருவரையும் எப்படி வீழ்த்தலாம் என்று அவர் ரகசியமாகக் கோப்பு எழுதி வைத்திருக்கிறார். எதிரி அதைத் திருடிப் பயன்படுத்துகிறான். விஷயம் தெரிந்ததும் குழு ஓட்டெடுப்பு நடத்தி அவரை வெளியே அனுப்புகிறது. சக்தி உள்ளவர்கள் நடுவே சக்தியில்லாதவனுக்கு வரும் பயத்தை அந்தக் கதை நன்றாகப் பிடித்திருக்கும். சரி, நம் ஊரில் இந்த மாதிரி ஆள் யார்? குவாரி முதலாளி மகன், கையில் டிரோன், வாசலில் மூன்று கார். “அவன் எங்க கிளாஸ்லயே இருக்கான், எனக்குப் பிடிக்காது” என்றான் மருமகன். அத்தோடு அது முடிந்தது.

அவனுக்குப் பிடித்தது வில்காரர், ஹாக்ஐ. சர்க்கஸில் வில் கற்றுக்கொண்டவர். 1964-இல் வில்லனாக வந்து, 1965-இல் அவெஞ்சர்ஸ் என்ற குழுவில் சேர்க்கப்பட்டார். கண், கை, பயிற்சி, அவ்வளவுதான். இந்த வகைக்கு நம் பக்கத்தில் அருமையான ஆள் இருக்கிறார். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் ராகி முற்றும் காலத்தில் யானை இறங்கும். பரண் கட்டி, டார்ச்சும் தகர டப்பாவுமாக ராத்திரி முழுக்கக் காவல் இருப்பார்கள். அப்படி ஒரு பரண்காரப் பையன், கையில் கவண். இருட்டில் சத்தத்தை வைத்தே குறி பார்ப்பான். மருமகன் உடனே படம் போட்டுவிட்டான். சொல்லக் கூடாது, நன்றாகவே இருந்தது.

சிக்கல் எங்கே என்றால், அந்தப் பையன் ஆடுவதும் மற்ற ஐந்து பேர் ஆடும் அதே ஆட்டம்தான். அடிப்பது. பாறையைத் தூக்கி எறிகிறவன் பக்கத்தில் நின்று கூழாங்கல்லை எறிய வேண்டும். எவ்வளவு நன்றாக எறிந்தாலும் அது கூழாங்கல். காய்ச்சல் வந்தால் பாறைக்காரன் இன்னொரு பாறையை எறிந்துவிட்டுப் போவான். இந்தச் சங்கடம் ஹாக்ஐக்கும் தெரியும். 1969-இல் அவரே வில்லைத் தூக்கிப் போட்டுவிட்டு, மருந்து குடித்து ராட்சத உருவம் எடுத்து, கோலியாத் என்று பெயரை மாற்றிக்கொண்டார். சில வருடம் கழித்துத்தான் வில்லுக்குத் திரும்பினார். சக்தி இல்லாதவன் சக்தி உள்ளவர்களோடு அவர்கள் ஆட்டத்திலேயே போட்டி போட்டால் ஒரு நாள் அவனுக்கும் அந்த மருந்து தேவைப்படும். 2015 திரைப்படத்தில் இதை அவர் வாயாலேயே சொல்ல வைத்தார்கள்: ஊரே வானத்தில் மிதக்கிறது, எதிரே இயந்திரப் படை, என் கையில் இருப்பதோ வில்லும் அம்பும், இதில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா என்பார். தியேட்டர் சிரித்தது. அந்தச் சிரிப்பைப் படம் முழுக்க வைத்து ஓட்ட முடியாது.

“நீங்க என்ன சொன்னாலும் எனக்கு இவன் வேணும் மாமா.”

இருக்கட்டும் என்று ஓரமாக வைத்தோம்.

அதிகாரி வகையைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். டிசி காமிக்ஸில் அமாண்டா வாலர் என்று ஒரு அம்மாள், 1986-இல் வந்தவர். சிறையிலிருக்கும் வில்லன்களை மிரட்டி வேலை வாங்குவார். பாத்திரம் அபாரம். ஆனால் அவருக்குக் காய்ச்சல் வந்தால் குழுவே கொண்டாடும். இன்னொரு பக்கம் 2012 அவெஞ்சர்ஸ் படத்தில் ஏஜென்ட் கோல்சன். அவர் செத்தால்தான் மற்றவர்களுக்கு ரோஷம் வருகிறது. சாகடிப்பதற்கென்றே ஒருவரைச் சேர்ப்பது எனக்குப் பிடிக்காத வேலை. நம் வாசகருக்கோ அதிகாரி என்றாலே கையெழுத்துக்குக் காத்து நின்றதுதான் முதலில் ஞாபகம் வரும். வேண்டாம்.

கூட்டாளி, கோமாளி வகைக்கு வந்தபோது பேச்சு நீண்டுவிட்டது. ஜஸ்டிஸ் லீக் வந்த அதே 1960 கதையில் ஸ்னாப்பர் கார் என்று ஒரு பையன் வருவான். எப்போது பார்த்தாலும் விரலைச் சொடுக்கிக்கொண்டே இருப்பான். விண்வெளியிலிருந்து வந்த ராட்சத நட்சத்திர மீன் ஒன்று ஊரிலுள்ள அத்தனை பேர் மனதையும் கட்டிப்போடுகிறது. இவனை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஏன் தெரியுமா? வீட்டுப் புல்தரைக்குச் சுண்ணாம்பு போட்டுவிட்டு வந்திருந்தான், உடம்பெல்லாம் சுண்ணாம்பு. அதைக் கண்டுபிடித்து, சுண்ணாம்பைக் கொட்டியே அந்த மீனை அடக்குகிறார்கள். குழுவிலிருந்தவர்களின் பச்சை விளக்கு மோதிரமும் மின்னல் வேகமும் திணறிய இடத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்த பையனின் சட்டையில் இருந்தது பதில். இதைச் சொன்னதும் அக்கா அடுக்களையிலிருந்தே, “கேட்டியா, வீட்டு வேலை செஞ்சா உலகத்தையே காப்பாத்தலாம்” என்றாள்.

ஆனால் அந்த ஒரு கதைக்குப் பிறகு ஸ்னாப்பருக்குச் செய்ய என்ன இருந்தது? சொடுக்கினான், பாராட்டினான், கூடவே திரிந்தான். 1969-இல் பேட்மேனின் எதிரி ஜோக்கரின் பேச்சில் மயங்கிக் குழுவையே காட்டிக்கொடுத்துவிட்டு வெளியே போனான். குழுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் கூட்டாளிக்கு அந்தக் கசப்பு வருவது இயல்பு என்றே நினைக்கிறேன். பஃபி தொலைக்காட்சித் தொடரில் இதே வகையை நல்லபடியாகக் கையாண்டிருக்கிறார்கள். 1999-இல் வந்த ஒரு பகுதியில் மற்றவர்கள் உலகம் அழியாமல் காக்கும் சண்டையில் இருக்கும்போது, சக்தியில்லாத ஜான்டர் மட்டும் வேறொரு மூலையில் பள்ளிக்கூடம் வெடித்துச் சிதறாமல் தடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் மறுநாள் வந்து உட்காருவான். உலகச் சண்டை பின்னணியில் சத்தமாக மட்டும் கேட்கும். நல்ல யோசனை, ஒருமுறைதான் செய்ய முடியும்.

நம் பக்கத்தில் இந்த இடம் கட்டியங்காரனுடையது. பாரதம் நடக்கும் ஊர்களில் கூத்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கிரீடம், புஜகீர்த்தி, மார்பதக்கம் என்று ஜொலித்துக்கொண்டு துரியோதனன் திரைக்குப் பின்னால் நிற்க, வெறும் சட்டையும் கோமாளித் தொப்பியுமாக இவன்தான் முதலில் வருவான். ராஜாவைக் கேள்வி கேட்பான், ஊர் வம்பை இழுப்பான், முன்வரிசையில் தூங்குகிறவரைத் தட்டி எழுப்புவான். இவனுக்குக் காய்ச்சல் என்றால் கூத்தே தொடங்காது. அப்படிப் பார்த்தால் எங்கள் சோதனையில் முதல் மார்க் இவனுக்குத்தான். ஆனாலும் யோசித்துப் பார்த்தால் கட்டியங்காரன் ராஜாவின் ஆள் இல்லை, நம் ஆள். மேடையில் நிற்கிறானே தவிர பாயில் உட்கார்ந்திருப்பவர்கள் பக்கம் சேர்ந்தவன். குழுவுக்குள் வைத்தால் அவன் நாக்கு மழுங்கிவிடும். ஒவ்வொரு பக்கத்தின் கீழேயும் ஓரத்தில் சின்னதாக ஒரு கட்டியங்காரனைப் போட்டு நக்கல் அடிக்க விடு என்று மட்டும் மருமகனிடம் சொன்னேன். அதை ஒப்புக்கொண்டான்.

எனக்கு மனதார பிடித்தது அறைக்குள் உட்கார்ந்து வழி சொல்லும் ஆள். பேட்மேன் கதைகளில் வரும் பார்பரா கார்டன், முதலில் பேட்கேர்ள், வேலை நூலகர். 1988 கதை ஒன்றில் ஜோக்கர் சுட்டதில் முதுகெலும்பு போய்ச் சக்கர நாற்காலிக்கு வந்தார். அவரை அப்படியே மறந்துவிட இருந்தார்கள். கிம் யேல், ஜான் ஆஸ்ட்ரண்டர் என்ற எழுத்தாளத் தம்பதிக்கு அது பொறுக்காமல், 1989-இல் அவரை ஆரக்கிள் என்ற பெயரில் திரும்பக் கொண்டுவந்தார்கள். கணினி, ஞாபகசக்தி, காதில் ஒரு குரல். பிற்பாடு ஜஸ்டிஸ் லீகே அவரை நம்பி இறங்கியது. 2011-இல் எல்லாக் கதைகளையும் புதிதாகத் தொடங்கியபோது அவரை எழுந்து நடக்க வைத்து மறுபடி பேட்கேர்ள் ஆக்கினார்கள். வாசகர்கள் பலர் கோபப்பட்டார்கள். எனக்கும் கோபம்தான். குதித்துச் சண்டை போடப் பத்துப் பேர் இருந்தார்கள், ஆரக்கிள் ஒருவர்தான்.

தருமபுரிக்கு ஆரக்கிள் என்றால் பஸ் ஸ்டாண்ட் டைம் கீப்பர். அரூர் வண்டி எத்தனை நிமிடம் லேட், பென்னாகரம் வண்டிக்கு இன்றைக்கு எந்த டிரைவர், தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து எத்தனை கிலோமீட்டர் நிற்கிறது என்று நகராமல் உட்கார்ந்தே தெரிந்துவைத்திருப்பவர். அவருக்குக் காய்ச்சல் என்றால் மாவட்டமே நின்றுவிடும். தொடராக எழுதுவதாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இவரைத்தான் சொல்லியிருப்பேன். கதை எந்த ஊருக்குப் போனாலும் கூடவே போகும் குரல். இங்கே தடை படம்தான். 24 பக்கத்தில் நாலு பக்கம் ஒருவர் மைக் முன்னால் உட்கார்ந்திருந்தால் படிக்கிறவன் புரட்டிவிடுவான். மேலும் ஒகேனக்கல் பாறை இடுக்குக்குள் போனால் சிக்னல் போய்விடும், குரலும் போய்விடும்.

கடைசி வகைக்குப் பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை. ஒன் பீஸ் மாங்காவை எடுத்துக்கொள்ளுங்கள், 1997-இலிருந்து வருகிறது. அதில் மாயப் பழம் தின்றவனுக்கு அசாத்திய சக்தி வரும், ஆனால் நீச்சல் போய்விடும். கதையோ முழுக்கக் கடலில். ரப்பராக நீளும் கேப்டன் தண்ணீரில் விழுந்தால் கல்லாக மூழ்குவான். பழம் தின்னாத யாராவது குதித்துத் தூக்க வேண்டும். அந்தக் கப்பலில் நாமி என்ற பெண் காற்றையும் மேகத்தையும் பார்த்து வழி சொல்வாள். அவள் படுத்துவிட்டால் கப்பல் எங்கே போகும் என்று கேப்டனுக்கே தெரியாது. உண்மையிலேயே ஒரு பகுதியில் அவளுக்குக் காய்ச்சல் வரும். பயணத்தையே திருப்பி, வைத்தியரைத் தேடிக் கிளம்புவார்கள். எங்கள் சோதனையை அவர்களே நடத்திப் பார்த்திருக்கிறார்கள்.

இதில் எனக்குப் பிடிபட்ட விஷயம் இதுதான். சக்தி வந்தவுடன் ஒருவன் சிலவற்றைக் கற்றுக்கொள்வதை நிறுத்திவிடுகிறான். பறக்கிறவளுக்குப் பாதை தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது? மனதைப் படிக்கிறவளுக்கு முகத்தைப் பார்த்துப் பேசத் தெரியாது. பாறையைத் தூக்குகிறவனுக்குப் பாறையைச் சுற்றிப் போகும் வழி தெரியாது. அந்த அறியாமை எங்கே இருக்கிறதோ அங்கேதான் சாதா ஆளுக்கு வேலை.

இதற்கு நான் கப்பல் ஏறி ஜப்பான் வரை போயிருக்க வேண்டியதில்லை. அதியமான்கோட்டை வழியாகச் சேலம் பஸ்ஸில் எத்தனை தடவை போயிருப்பேன். தருமபுரிக்குப் பழைய பெயர் தகடூர். அங்கே அதியமானைச் சுற்றி இருந்தவர்கள் அத்தனை பேரும் வீரர்கள். வாள் எடுக்காத ஒருவர் ஔவையார். தொண்டைமானிடம் தூது போனது அவர்தான். அங்கே ஆயுதச் சாலையைச் சுற்றிக் காட்டுகிறார்கள். எல்லாம் நெய் பூசி, மாலை போட்டுப் பளபளக்கிறது. எங்கள் அரசனுடையதோ பகைவரைக் குத்தி நுனி ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்று புகழ்வதுபோலவே சொல்லிவிட்டார். புறநானூற்றில் 95-ஆம் பாட்டு. அதியமானே போயிருந்தால் அது படையெடுப்பு. ஔவை போனதால் வாசலைத் திறந்து உள்ளே விட்டார்கள், ஆயுதச் சாலை வரைக்கும்.

அப்படியானால் ஒகேனக்கலில் யார் என்ற கேள்விக்கு இரண்டு பேருமே ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தோம். பரிசல்காரர்.

மூங்கில் பிளாச்சில் முடைந்த வட்டக் கூடை. முன்பெல்லாம் அடியில் தோல் போர்த்துவார்கள், இப்போது பிளாஸ்டிக் ஷீட்டும் தாரும். வட்டமாக இருப்பதால் அதற்கு முன்பக்கம், பின்பக்கம் என்று எதுவும் கிடையாது. திசையெல்லாம் துடுப்புப் பிடிப்பவர் மனதுக்குள்தான். எந்தப் பாறைக்குப் பின்னால் சுழல், எந்தச் சுழல் இழுத்துவிட்டுத் தானே வெளியே தள்ளும், எது தள்ளாது என்று தெரிந்துவைத்திருப்பவர். தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறமாகி, செத்தையும் குச்சியும் மிதந்து வந்தால் மேலே தண்ணீர் ஏறுகிறது என்று கரையிலிருந்தே சொல்வார். எங்கள் குழுவில் தண்ணீரை வளைக்கிறவன் ஒருவன் இருக்கிறான் அல்லவா, அவன்தான் இவர் பேச்சைக் கேட்க மறுக்க வேண்டும் என்று அங்கேயே முடிவாயிற்று. கை காட்டினால் வளையும்போது தண்ணீரைப் படிப்பானேன்? வரத்து கூடினால் பரிசல் ஓட்டத் தடை போடுவார்கள். கதை நடப்பதும் அப்படி ஒரு நாளில்தான். ஆகவே இந்த ஆள் குழுவில் செய்யும் முதல் காரியமே, “இன்னைக்கு இறங்கக் கூடாது” என்று சொல்வது. அதன் பிறகு இறங்குவது.

மருமகன் இரண்டு ஆட்சேபணை சொன்னான். இரண்டும் நியாயமானவை. ஒன்று, “தாத்தா மாதிரி ஒருத்தரை யாரு மாமா படிப்பா?” எனக்குக் கொஞ்சம் வலித்தது, நான் மனதில் வைத்திருந்த பரிசல்காரருக்கு என் வயசுதான். பரிசல்காரரின் மகள் என்று மாற்றிக்கொண்டான். இரண்டாவது, அடுத்த கதை தீர்த்தமலையிலோ கிருஷ்ணகிரி டேமிலோ நடந்தால் இவள் என்ன செய்வாள்? இந்த வகையின் பெரிய குறை அதுதான். கால் வைத்த மண் மாறினால் அறிவும் பின்தங்கிவிடும். நாமிக்குக் கடல் முடிவதில்லை, இவளுக்கு ஆறு மேட்டூரில் முடிந்துவிடுகிறது. அடுத்த கதைக்கு அடுத்த ஊர் ஆளைச் சேர்த்துக்கொள் என்றேன். அவன் முகம் மலர்ந்தது. அடுத்த கதை அஞ்செட்டியில், பரண்காரப் பையனோடு. வில்காரனைக் கடைசி வரை விடவில்லை பாருங்கள்.

பேச்சு முடிகிற நேரத்தில் எடுத்தனூர் நடுகல்லைப் பற்றிச் சொன்னேன். பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டம். மகேந்திரவர்மன் காலத்துக் கல். மாட்டு மந்தையை மீட்கும் சண்டையில் செத்த வீரனுக்கு எடுத்தது. வீரனுக்குப் பின்னால் ஒரு நாயும் நிற்கும். திருடர்களைக் கடித்துக் காவல் இருந்ததாம். அதன் பெயரையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன்.

“அப்போ நம்ம பொண்ணுக்கும் பேர் வெக்கணும்” என்றான். இன்னும் வைக்கவில்லை. நேற்று அட்டைப்படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். மேலே ஒருத்தி பறக்கிறாள், பாறைக்காரன் புஜத்தைக் காட்டுகிறான், மறைகிறவன் இருக்கும் இடத்தில் புள்ளிக்கோடு. வலது ஓரத்தில் கரையேறிப் போகும்போது சுமப்பார்களே அப்படி, தலைகீழாகக் கவிழ்த்த பரிசல் ஒன்று. அதன் அடியில் முழங்காலுக்குக் கீழே இரண்டு கால், ரப்பர் செருப்பு.

முகம் எங்கே என்று கேட்டேன். “பொண்ணுங்க முகம் எனக்கு வரைய வராது மாமா, அதான் மூடிட்டேன்.”